வேட்டைத் துப்பாக்கிக்கு வீட்டுப் பெட்டகம்: சிம்பாங் அம்பாட் வட்டாரத்தை முன்வைத்து

வேட்டைத் துப்பாக்கியை வைக்கும் வீட்டுப் பெட்டகத்துக்கு மூன்று வேலைகள் உண்டு. உரிமம் இல்லாதவர் கைக்கு ஆயுதம் போகாமல் தடுப்பது முதல் வேலை. திருட வந்தவனை ஆள் வரும்வரை தாமதப்படுத்துவது இரண்டாவது. ஈரத்திலிருந்து இரும்பைக் காப்பது மூன்றாவது. கடைகளில் பேசப்படுவதெல்லாம் இரண்டாவதைப் பற்றித்தான்: தகடு எவ்வளவு தடிப்பு, தாழ்க்கம்பி எத்தனை, எடை எவ்வளவு. மலாக்காவின் சிம்பாங் அம்பாட் போன்ற ஊர்களில் முதலாவதும் மூன்றாவதும் கவனிக்கப்படாமல் போவதால்தான் அதிகச் சிக்கல் வருகிறது.

சிம்பாங் அம்பாட் அலோர் காஜா மாவட்டத்தில் இருக்கிறது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையின் சுங்கச்சாவடி ஒருபுறம், தாபோ நானிங், கடேக் பக்கம் நீளும் செம்பனை, பால்மரக் காடுகள் மறுபுறம். புதிதாக நட்ட செம்பனைக் கன்றின் குருத்தைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிட்டால் அந்தக் கன்று பிழைப்பதில்லை. முள்ளம்பன்றியும் அதே சேதத்தைச் செய்யும். ஆகவே இந்த வட்டாரத்தில் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கி பெரும்பாலும் பயிர்க்காவலுக்கானது. மலாய்க்காரர்கள் ‘செனாப்பாங் பாத்தா’ என்று சொல்லும், நடுவில் மடித்துத் தோட்டா போடுகிற 12 போர் குழல் துப்பாக்கிதான் அது. தோட்ட நிர்வாகம், சொந்த நிலம் வாங்கிய சிறு தோட்டக்காரர், வேட்டை உரிமம் பெற்ற ஒரு சிலர் ஆகியோரே இதை வைத்திருப்பவர்கள். அவர்களில் தமிழர் எண்ணிக்கை சிறியது. ஆனால் துப்பாக்கி இருக்கும் வீட்டில் தமிழர் வேலைக்குப் போகலாம், பக்கத்து வீட்டில் குடியிருக்கலாம், அந்த வீட்டுப் பிள்ளையோடு தமிழ்ப் பிள்ளை விளையாடலாம். எனவே இது உரிமம் வைத்திருப்பவரோடு நின்றுவிடும் விஷயம் அல்ல.

பெட்டகம் வாங்குவதற்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் எந்தப் பெட்டகம் என்பதைப் பாதியளவு தீர்மானிப்பது சட்டம்தான். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாமல் ஆயுதத்தையோ தோட்டாவையோ ஒருவர் தம் உடைமையிலோ பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ வைத்திருப்பதைத் தடை செய்கிறது. உடைமை, பொறுப்பு, கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பிடுவதால் அதன் வீச்சு பெரிது. காற்றுத் துப்பாக்கியும் அந்தச் சட்டத்தின்படி ஆயுதம்தான். துப்பாக்கியின் உறுப்புகளும் அப்படியே. குழலைக் கழற்றித் தனியாக வைத்தாலும் அது சட்டத்தின் கண்ணில் இருந்து தப்புவதில்லை. அதன் மேல் 1971ஆம் ஆண்டின் சுடுகலன் (கூடுதல் தண்டனை) சட்டம் வருகிறது. சட்டவிரோதமாகச் சுடுகலன் வைத்திருப்பவருக்கு அது 14 ஆண்டுவரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் விதிக்கிறது. துப்பாக்கி உரிமத்தோடு வேட்டை உரிமை வந்துவிடுவதும் இல்லை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்குத் துறை தரும் அனுமதி தனி.

இந்தக் கடுமைக்கு ஒரு வரலாறு உண்டு. அது மலாயாத் தமிழரின் வரலாற்றோடு நேரடியாகப் பின்னியது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்ற விதி வந்தது. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்ததாக அந்த விதியின்படி குற்றம் சாட்டப்பட்டார். 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அந்தக் கைத்துப்பாக்கியைப் போலீசிடம் ஒப்படைக்கவே கொண்டு சென்றார் என்பது அவர் தரப்பு வாதம். இந்திய அரசு அவருக்காகப் பேசியும் பயனில்லை. அதே அவசரகாலத்தில் தோட்டங்களைக் காக்கச் சிறப்புக் காவலர்களுக்கும் ஊர்க்காவல் படைக்கும் ஆயுதம் தரப்பட்டது. யார் கையில், யார் அனுமதியோடு, எங்கே பூட்டி என்ற கேள்விகள் இந்த நாட்டில் அந்தக் காலத்திலிருந்தே உயிர் சம்பந்தப்பட்டவை.

‘கட்டுப்பாடு’ என்ற சொல்லைப் பெட்டகத்துக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கிறது. பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கிறதோ, இரகசிய எண் யாருக்குத் தெரியுமோ, அவரிடம் துப்பாக்கி இருப்பதாகக் கொள்ள இடம் உண்டு. உரிமம் கணவர் பெயரில். சாவி தொங்குவதோ சமையலறை ஆணியில். எவ்வளவு கனமான பெட்டகமானாலும் அந்த வீட்டில் அது தன் முதல் வேலையைச் செய்யவில்லை. ஆகவே பெட்டகத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால், உரிமம் பெற்ற ஒரே ஆள் மட்டும் திறக்கக்கூடிய ஓர் ஏற்பாட்டைத் தேர்ந்தெடுப்பது என்றே பொருள். தகட்டுத் தடிப்பு அதற்குப் பிறகு வருவது.

அளவில் தொடங்கலாம். 12 போர் துப்பாக்கியின் குழல் வழக்கமாக 28 அங்குலம், அதாவது ஏறக்குறைய 71 சென்டிமீட்டர். கட்டையோடு சேர்த்து முழு நீளம் 115 சென்டிமீட்டரை ஒட்டி வரும். நிமிர்த்தி வைக்கப் பெட்டகத்தின் உள்ளுயரம் 130 சென்டிமீட்டராவது வேண்டும். வெளியளவை நம்பி வாங்கி ஏமாறுபவர் பலர். மடிப்புத் துப்பாக்கிக்கு இன்னொரு வழியும் உண்டு. அதைக் குழல், முன்கட்டை, பின்கட்டை என்று மூன்றாகக் கழற்றலாம். கழற்றி வைத்தால் 80 சென்டிமீட்டர் உள்ளளவுள்ள பெட்டகமே போதும். நகைக்கும் ஆவணத்துக்கும் விற்கும் சாதாரணப் பெட்டகங்கள் இதற்கும் குட்டையாகவே இருக்கும். அவற்றில் துப்பாக்கியைத் திணிக்க முயல்வது வீண். தொலைநோக்கி பொருத்திய ரைபிளுக்கு உயரத்தைவிட ஆழம்தான் முக்கியம். ஒரு துப்பாக்கி மட்டும் வைத்திருப்பவருக்குப் பத்துத் துப்பாக்கி கொள்ளும் அலமாரி தேவையில்லை. பெரிய பெட்டகத்தை வாங்கினால் மிச்ச இடத்தில் நகை, பணம், நிலப்பட்டா எல்லாம் சேர்ந்துவிடும். பிறகு வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அதைத் திறக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். துப்பாக்கிப் பெட்டகத்தில் துப்பாக்கி மட்டுமே இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

உறுதியைப் பொறுத்தவரை, ‘துப்பாக்கிப் பெட்டகம்’ என்று ஒட்டியிருக்கும் சீட்டுக்குத் தனியாக மதிப்பு எதுவும் இல்லை. மதிப்பு இருப்பது சோதனைச் சான்றுக்கு. பிரிட்டனில் துப்பாக்கி அலமாரிகளுக்கென்றே பி.எஸ். 7558 என்னும் தரம் 1992இல் வகுக்கப்பட்டது. அமெரிக்காவில் யு.எல். நிறுவனத்தின் வீட்டுப் பாதுகாப்புக் கலன் தரத்தின் அடிப்படை நிலையில், கைக்கருவிகளோடு ஒருவர் ஐந்து நிமிடம் தாக்கியும் பெட்டகம் திறக்காமல் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் குறைவாகத் தெரியலாம். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கும் தாமான் என்னும் குடியிருப்பில் அது கணிசமான நேரம், அடுத்த வீடு ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்தில் அது ஒன்றுமே இல்லை. ஐரோப்பாவின் இ.என். 1143-1 தரம் இன்னும் கடினமானது. ஜெர்மனியில் 2017 ஜூலை முதல் புதிதாக வாங்கும் துப்பாக்கிப் பெட்டகம் இந்தத் தரத்தின் பூஜ்ஜிய நிலையையாவது எட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இப்படிச் சோதித்த பெட்டகத்தின் கதவுக்கு உட்புறம் தரத்தின் பெயரும் எண்ணும் பொறித்த தகடு இருக்கும். மலேசியக் கடையில் வாங்குபவர் கதவைத் திறந்து அந்தத் தகட்டைத் தேடிப் பார்ப்பது நல்லது.

தரத் தகடு இல்லாத பெட்டகம்தான் கிடைக்கிறது என்றால் சில இடங்களைக் கையால் தடவியும் அசைத்தும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். உடல் தகடு மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது அலமாரிதான், பெட்டகம் அல்ல. கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் கடப்பாரை நுனி நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. வீட்டுத் திருடர்கள் பெரும்பாலும் நெம்பித்தான் திறக்கப் பார்க்கிறார்கள், அறுப்பதில்லை. தோட்டப்புறத்திலோ கடப்பாரை ஒவ்வொரு கொட்டகையிலும் கிடக்கும். தாழ்க்கம்பிகளின் எண்ணிக்கை பெரிதல்ல. அவை பற்றும் சட்டம் வளையாமல் நிற்கிறதா என்பதே பெரிது. கீல் வெளியே தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. கீலை அறுத்த பிறகும் கதவு நகராதபடி அந்தப் பக்கத்திலும் நிலைத்தாழ் இருந்தால் போதும். பேட்டரியில் ஓடும் கிரைண்டர் மலிவாகிவிட்ட பிறகு மெல்லிய தகட்டின் காலம் முடிந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிரைண்டரைத் தாங்கும் பெட்டகம் வீட்டுக்காரர் வாங்கக்கூடிய விலையில் அரிது. எனவே பெட்டகத்தைக் கண்ணில் படாத இடத்தில் வைப்பதும், அது இருப்பதைப் பற்றி ஊரில் பேசாமல் இருப்பதும் தகட்டின் தடிப்பைவிட அதிகம் காக்கும்.

பெட்டகத்தைத் தரையோடு பிணைக்காமல் வைத்தால் மேலே சொன்னது எதற்கும் பலன் இல்லை. நெம்பித் திறக்க முடியாத பெட்டகத்தை இரண்டு பேர் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் நிதானமாகத் திறப்பார்கள். ஐரோப்பியத் தரம் 1,000 கிலோவுக்குக் குறைந்த பெட்டகத்தில் பிணைப்புத் துளை கட்டாயம் என்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சாதாரண வேட்டைத் துப்பாக்கிக்கான பெட்டகம் வெறுமையாக 150 கிலோவுக்குக் குறைந்தால் அதைக் கட்டடத்தோடு பொருத்தியாக வேண்டும். சிம்பாங் அம்பாட்டில் மூன்று வகை வீடுகள் இருப்பதால் இங்கே பதிலும் மூன்று விதம்.

தாமான் வரிசை வீட்டின் கீழ்த்தளத்தில் கான்கிரீட் தரை இருக்கும். டைல்ஸைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் போகும் விரிவு போல்ட் நான்கு போட்டால் பெட்டகம் அசையாது. கரப்பான்பூச்சி மருந்து அடிக்கவோ கூட்டவோ வசதி என்று சுவரிலிருந்து தள்ளி வைக்கக் கூடாது. நெம்புகோலுக்கு இடம் தராதபடி இரண்டு சுவர் சேரும் மூலையில் ஒட்டி வைத்தால்தான் பிணைப்பு முழுப் பலம் பெறும். மாடியில் வைக்க விரும்புவோர் பாரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். மலேசியாவின் 1984ஆம் ஆண்டு ஒருசீர் கட்டடத் துணைச் சட்டங்கள் சாதாரண வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் பாரத்தையே கணக்கில் எடுக்கின்றன. ஏறக்குறைய 150 கிலோ. அரை மீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள ஒரு 200 கிலோ பெட்டகம் தன் அடியில் இருக்கும் சிறு இடத்தில் அதைப்போல ஆறு மடங்குக்கும் மேல் அழுத்தும். உத்தரத்துக்கு மேலே, சுவரோரமாக வைத்தால் தளம் தாங்கக்கூடும். நடு அறையில் வைப்பதற்கு முன் கட்டடப் பொறியாளரைக் கேட்க வேண்டும்.

பழைய தோட்ட வீடுகளில் கீழ்ப்பாதி செங்கல், மேற்பாதி பலகை. அங்கே சுவரில் போல்ட் போடுவது பயனற்றது. பலகையோடு பெயர்ந்து வரும். தரையில்தான் பிணைக்க வேண்டும். அந்தத் தரை பெரும்பாலும் மெல்லிய சிமெண்டுப் பூச்சு என்பதால், பெட்டகம் நிற்கும் இடத்தை மட்டும் தோண்டிக் கம்பி கட்டிக் கான்கிரீட் கட்டை போட வேண்டியிருக்கும். வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானால் அனுமதி தேவை. தூண்மேல் நிற்கும் மரவீட்டில் கனமான பெட்டகத்துக்கு இடமே இல்லை. அங்கு வாழும் உரிமதாரர் துப்பாக்கியைக் கழற்றி, சிறிய பெட்டகமொன்றைத் தரைமட்டத்தில் உள்ள கட்டடப் பகுதியில் பதிப்பதே நடக்கக்கூடிய வழி. அந்தத் தரைமட்டத்துக்கு வெள்ளம் வரும். 2022 ஜனவரி தொடக்கத்தில் அலோர் காஜா மாவட்டத்திலும் வெள்ளம் புகுந்து மக்கள் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். எனவே கான்கிரீட் கட்டையை ஒரு முழம் உயர்த்தியே போட வேண்டும். செங்கல் அடுக்கி உயர்த்துவது போதாது. போல்ட் செங்கல்லோடு கழன்றுவிடும்.

பூட்டுக்கு வருவோம். சாவிப் பூட்டு எளியது, மின்சாரம் கேட்காது, ஈரத்தைப் பொருட்படுத்தாது. அதன் குறை சாவியேதான். தமிழர் வீட்டில் முக்கியமான சாவி ஒளிக்கப்படும் இடங்கள் அரிசி டின், சாமி படத்துக்குப் பின்புறம், பீரோவில் மடித்த புடவைக்கு அடியில். இவை பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த இடங்கள், திருடனுக்கும் தெரியும். சுழல் எண் பூட்டு சாவித் தொல்லையைத் தீர்க்கிறது. நூறு எண் கொண்ட வட்டில் மூன்று எண் என்றால் பத்து லட்சம் சேர்க்கைகள். விலை கூடுதல், திறக்க நேரமும் பிடிக்கும். பன்றியைக் கண்டதும் ஓட வேண்டும் என்று நினைப்பவருக்கு அது எரிச்சல். ஆனால் பயிர்க்காவலில் சில வினாடிகள் எதையும் மாற்றுவதில்லை. நீண்ட காலம் பழுதில்லாமல் உழைப்பதிலும் இரகசியத்திலும் இதுவே முந்தி நிற்கிறது.

மின்னணு எண்பலகை வசதியானது. அதை வாங்கும்போது பேட்டரியை வெளியிலிருந்து மாற்ற முடிகிறதா, பல தடவை தவறாக அழுத்தினால் சிறிது நேரம் பூட்டிக்கொள்கிறதா, இ.என். 1300 போன்ற பூட்டுத் தரம் உண்டா என்று கேட்க வேண்டும். மலிவுப் பெட்டகங்களில் எண்பலகைக்குப் பக்கத்தில் ஒரு அவசரச் சாவித் துளை இருக்கும். அந்தச் சாவி பெட்டகத்தோடு வரும் உறையிலேயே வீட்டில் கிடந்தால் எண் வைத்ததில் அர்த்தமில்லை. எண்ணாகப் பிறந்த நாளையும் கார் நம்பரையும் வைக்கக் கூடாது.

கைரேகைப் பூட்டைத் தோட்டத்து வாழ்க்கைக்கு ஏற்றதென்று சொல்ல முடியாது. பால்மரம் சீவியும் செம்பனைக் குலை தூக்கியும் உழைத்த விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். மழைக்கால ஈரத்தில் விரல் சுருங்கியும் இருக்கும். பூட்டு திறக்க மறுக்கும்போது உரிமையாளர் சலித்து, கதவைச் சாத்தாமல் விட்டுவிடுவார். எதிர்ப்புற ஆபத்தும் உண்டு. 2023 அக்டோபரில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏறக்குறைய 61,000 கைரேகைப் பெட்டகங்களைத் திரும்பப் பெற வைத்தது. பதிவு செய்யாத விரலுக்கும் அவை திறந்தன. 12 வயதுச் சிறுவன் ஒருவனின் மரணமும் அதில் சம்பந்தப்பட்டிருந்தது. இவ்வகைப் பூட்டை வாங்கியவர், வீட்டில் உள்ள மற்ற எல்லாருடைய விரலையும் வைத்துப் பார்த்துத் திறக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே அதை நம்ப வேண்டும்.

நெருப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நெருப்புத் தாங்கும் பெட்டகத்தின் சுவருக்குள் ஜிப்சம் பலகை இருக்கும். சூடேறும்போது அது தனக்குள் பிடித்து வைத்திருக்கும் நீரை ஆவியாக விட்டு உட்புறத்தைக் குளிர்விக்கும். யு.எல். தரத்தில் ‘350 வகுப்பு’ என்பது காகிதம் கருகாதபடி உள்வெப்பம் 350 பாரன்ஹீட், அதாவது 177 செல்சியஸுக்குக் கீழே நிற்பதைக் குறிக்கும். ஒரு துப்பாக்கிக்கு அந்தச் செலவு கட்டாயமில்லை. தீத்தடுப்பு மட்டும் உள்ள பெட்டகங்களில் இரும்பு மெல்லியதாக இருப்பதும் உண்டு. இரண்டில் ஒன்றுதான் கையில் உள்ள காசுக்குக் கிடைக்கும் என்றால் திருட்டுத் தடுப்பையே எடுக்க வேண்டும்.

ஈரம் அப்படி ஒதுக்கக்கூடியதல்ல. மேலைநாட்டு வழிகாட்டிகள் இதை ஒரு பத்தியில் கடந்துபோகும். இங்கே அது நாள்தோறும் நடக்கும் தாக்குதல். மலேசியாவில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியது, இரவில் இன்னும் ஏறும். 60 விழுக்காட்டைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடத் தொடங்கும். மூடிய இரும்புப் பெட்டி பின்னிரவில் குளிர்ந்து, உள்ளே அடைபட்ட ஈரக்காற்று குழலின் மேல் படியும். செம்பனை இலையிலிருந்து சொட்டிய மழைநீரும் கை வியர்வையின் உப்பும் சேர்ந்தால் சில நாட்களிலேயே துருப்புள்ளி தெரியும். குழலின் உட்புறத்தில் துரு அரித்தால் சுடுபவருக்கே ஆபத்து.

ஆகவே துப்பாக்கியை உள்ளே வைக்கும் முன் துடைத்து, குழலுக்குள் துணி விட்டு இழுத்து, மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். தோலுறை, துணியுறை, பஞ்சுமெத்தை வைத்த பெட்டி எதிலும் போட்டுப் பெட்டகத்தில் வைக்கக் கூடாது. அவை ஈரத்தை உறிஞ்சிக் குழலோடு ஒட்ட வைத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் நல்ல துணை. நிறம் மாறும் வகையை வாங்கி, நிறம் மாறியதும் அடுப்புச் சூட்டில் 120 செல்சியஸ் அளவில் உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். அதை மாதக்கணக்கில் மறந்துவிட்டால் அதுவே ஈரமூட்டையாகிவிடும். மின்சாரம் நிலையாக உள்ள வீட்டில், உட்காற்றைச் சற்றே சூடாக்கி வைக்கும் வெப்பத்தண்டு இன்னும் நம்பகமானது. அதற்கான கம்பித் துளை பெட்டகத்தின் பின்புறம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். சூடமும் நாப்தலீன் உருண்டையும் துருவுக்கு மருந்தல்ல. சில வெள்ளிக்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றை உள்ளே வைத்து, அளவு 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே வெகுவாக இறங்கினால் மரக்கட்டை வெடிக்கும். குளியலறைச் சுவருக்குப் பின்புறமும், வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டியும் பெட்டகம் இருக்கக் கூடாது.

தோட்டாவைத் தனியே பூட்ட வேண்டும்: வேறு பெட்டி, வேறு சாவி. சில பெட்டகங்களில் உள்ளேயே பூட்டுள்ள சிற்றறை இருக்கும். அதன் சாவி வெளிக்கதவின் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்கினால் பிரித்து வைத்ததாக ஆகாது. தீயில் வெடிக்கும் தனித்தோட்டா, பலத்தை வெளியே சிதற விடுவதால், பெரும்பாலும் அருகில் இருப்பவரை மட்டுமே காயப்படுத்தும். அறைக்குள் ஏற்றிய தோட்டாவோ குழல் வழியாக முழு வேகத்தில் பாயும். தீயணைக்க வரும் போம்பா வீரருக்கு அது மரண ஆபத்து. துப்பாக்கியை மடித்து, அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே உள்ளே வைப்பது வழக்கமாக வேண்டும்.

பெட்டகம் வெளியாளுக்கு எதிரானது என்றே பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அது வீட்டாருக்காகவும்தான். 2005இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு நான்கு பழக்கங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தது: துப்பாக்கியைப் பூட்டுவது, தோட்டா ஏற்றாமல் வைப்பது, தோட்டாவைப் பூட்டுவது, இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைப்பது. இவை ஒவ்வொன்றும் சிறார், இளையோர் தற்கொலையும் விபத்துக் காயமும் குறைவதோடு தொடர்புடையதாக இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் கருவி இல்லாமல் போவதே உயிரைக் காக்கும் என்பதற்கு இலங்கையில் இன்னும் பெரிய சான்று உண்டு. கொடிய பூச்சிமருந்துகளை அங்கே படிப்படியாகத் தடை செய்தபின், 1990களின் நடுப்பகுதியில் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. களைக்கொல்லியின் கொடுமையை மலேசியத் தோட்டக் குடும்பங்களும் அறியும்; பாராகுவாட் இங்கே 2020 ஜனவரியில்தான் முழுதாகத் தடை செய்யப்பட்டது. மனம் உடைந்த வேளையில் ஒருவர் எடுக்கும் முடிவு பல சமயம் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நிமிடங்களைத் தருவது பூட்டும், வேறிடத்தில் இருக்கும் தோட்டாவும்தான். உரிமதாரரே அப்படியொரு நிலையில் இருந்தால் அவர் போட்ட பூட்டு அவரைத் தடுக்காது. அப்போது துப்பாக்கியை வீட்டிலிருந்து எடுத்துப் போலீஸ் பொறுப்பில் விடக் குடும்பம் தயங்கக் கூடாது. அதைக் கேட்பதில் எந்த மானக்கேடும் இல்லை.

நீண்ட நாள் வெளியூர் போகும்போதும் காலியான வீட்டில் துப்பாக்கியை விட்டுச் செல்வதைவிட, போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ முறைப்படி ஒப்படைக்க வழியுண்டா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது மேல். காணாமல் போனால் தாமதமின்றிப் புகார் கொடுக்க வேண்டும். அதற்காகத் துப்பாக்கியின் தொடர் எண்ணையும் உரிம நகலையும் பெட்டகத்துக்கு வெளியே வேறிடத்தில் வைத்திருக்க வேண்டும். பெட்டகத்தோடு அவையும் போய்விட்டால் புகாரில் எழுத ஒன்றும் இருக்காது. உரிமம் ஓர் ஆளுக்குத் தரப்படுவது. அவர் இறந்தால் மகனுக்குத் தானாகச் சேர்வதில்லை. சாவி எங்கே, எண் என்ன என்று தெரியாமல் பெட்டகத்தின் முன் நிற்கும் குடும்பத்துக்கு அது துக்கத்தின் மேல் சட்டச் சிக்கலாகிவிடும். மாற்றுச் சாவியையோ எண்ணையோ உறையில் போட்டு முத்திரையிட்டு, வழக்கறிஞரிடமோ வங்கிப் பாதுகாப்புப் பெட்டியிலோ வைத்துவிடலாம். தமக்குப் பின் முதலில் போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அதிகாரிகள் முன்னிலையில்தான் பெட்டகத்தைத் திறக்க வேண்டும் என்பதை அந்த உறையின் மேலேயே எழுதி வைக்கலாம்.